நாலாயிரம் விடைத்தாள்கள்

மினா ஷாக்னெஸி கவிஞர் அல்ல. நாவலாசிரியர் அல்ல. நாம் வழங்கும் அர்த்தத்தில் விமர்சகரும் அல்ல. நியூயார்க்கில் ஹார்லெமை ஒட்டிய ஸிட்டி காலேஜில், எழுதத் தெரியாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு வந்த முதலாண்டு மாணவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்த ஆசிரியை. 'பிழைகளும் எதிர்பார்ப்புகளும்' என்று பொருள்படும் தலைப்பில் 1977இல் ஒரே ஒரு புத்தகம் வெளியிட்டார். அடுத்த வருஷமே புற்றுநோயில் இறந்துபோனார். அப்போது வயது 54.

இந்தப் புத்தகத்துக்கும் நம் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். இலக்கணப் பிழை திருத்தும் வாத்தியார் வேலை பற்றி நாம் ஏன் பக்கங்களை வீணாக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கேள்வி நியாயமானது. என் பதில், சமீப வருஷங்களில் நான் படித்தவற்றுள் விமர்சனம் என்ற காரியத்தின் அடிப்படையையே என்னை மறுபடி யோசிக்க வைத்த நூல் இதுதான் என்பது. மிகையாகத் தோன்றலாம். சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் சூழல். ஸிட்டி காலேஜ் 1847இல் தொடங்கப்பட்டது. அன்று முதல் கட்டணம் கிடையாது. இட்டிஷ் பேசும் வீடுகளிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். அல்ஃப்ரட் கேஸின், இர்விங் ஹோ என்று நமக்குப் பெயரளவிலாவது தெரிந்த விமர்சகர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். ஆனால் நாளடைவில் கட்டணமில்லாத வாசல் மதிப்பெண் வாசலாக இறுகிவிட்டது. சுற்றி இருப்பது ஹார்லெம். உள்ளே கறுப்பு மாணவர்கள் சொற்பம். 1969 ஏப்ரலில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் கல்லூரியின் தெற்கு வளாகத்தைக் கைப்பற்றி, அதற்கு ஹார்லெம் பல்கலைக்கழகம் என்று பெயர் சூட்டி, சுமார் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். நகரத்துப் பள்ளிகளில் எந்த விகிதத்தில் இருக்கிறோமோ அந்த விகிதத்தில் கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. விளைவாக, 1975க்கு என்று ஒத்திப்போட்டிருந்த திட்டம் 1970 இலையுதிர் காலத்திலேயே அமலுக்கு வந்தது. நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 35,000 பேர். கறுப்பர்களுக்காக என்று ஏசப்பட்ட இந்தத் திட்டத்தில் நுழைந்தவர்களில் கணிசமானோர் வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஏசியவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்படி வந்தவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து ஏதாவது ஒரு விஷயம் பற்றி எழுதச் சொன்னார்கள். எந்த வகுப்பில் போடுவது என்று பார்ப்பதற்காக. எழுதி வந்ததைப் பார்த்து ஆசிரியர்கள் மலைத்துப்போனார்கள். ஷாக்னெஸியும் முதலில் மலைத்துப்போனவர்தான். அதை அவர் மறைக்கவில்லை. 1967 முதலே அங்கே, ஸீக் என்ற திட்டத்தின் கீழ் வந்த மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவர் அவர். (இதே திட்டத்தில் ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா ஆகியோரும் வகுப்பெடுத்தார்கள். ஒரே கட்டிடத்தில் இத்தனை கவிஞர்கள் கமாவும் முற்றுப்புள்ளியும் சொல்லிக்கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பதை நம் கவிஞர்கள் மனசில் வாங்கிக்கொள்ள வேண்டும்.)

இந்த இடத்தில் அவர் செய்த காரியம்தான் என்னை நிறுத்தியது. 1970 முதல் 1974 வரை எழுதப்பட்ட சுமார் நாலாயிரம் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். நாலாயிரம் என்றால் நம் ஊரில் வேறு ஞாபகம் வரும். இது அந்த நாலாயிரம் அல்ல. எந்த ஆழ்வாரும் பாடாதது. ஆனால் படித்த விதத்தில் ஒரு பாராயண சிரத்தை இருந்தது என்று சொல்லத் தோன்றுகிறது. முன்னுரைக்கு அடுத்தது கையெழுத்தும் நிறுத்தக்குறிகளும். அங்கிருந்து வாக்கிய அமைப்பு, பொதுவான பிழைகள், எழுத்துக்கூட்டல், சொல்வளம், பிறகு வாக்கியத்துக்கு அப்பால். இதை வாத்தியார் புத்தகத்தின் பொருளடக்கம் என்று ஒதுக்குவது சுலபம். உள்ளே நடப்பது வேறு. ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு தர்க்கம் இருக்கிறது என்ற சந்தேகத்துடன், பிரதியை வரி வரியாக, அடித்தல் திருத்தல் உட்பட, வாசிக்கிறார். இம்மாணவர்கள் மூடர்கள் என்பதல்ல, எழுத்துக்குப் புதியவர்கள் என்பது அவர் வந்து சேரும் இடம். எந்தக் காரியத்துக்கும் புதிதாக வருகிறவன் தப்பு செய்துதான் கற்கிறான். தப்பில் ஒரு ஒழுங்கும் இருக்கும்.

உதாரணத்தை நானே சொல்கிறேன். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு 'ஸ்' சேர்ந்தால் பன்மை. வினைச்சொல்லோடு அதே 'ஸ்' சேர்ந்தால் ஒருமை. பாய் ரன்ஸ், பாய்ஸ் ரன். இந்த பாஷைக்குப் பிறந்தவனுக்கு இதிலுள்ள அபத்தம் கண்ணில் படாது. 'ஸ்' என்றால் பன்மை என்று கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒருவன் 'பாய்ஸ் ரன்ஸ்' என்று எழுதினால் அவன் சோம்பேறியா? அவன் விதியை மதித்திருக்கிறான். விதிதான் அவனை மதிக்கவில்லை. அதே போல 'யூஸ்ட் டு' என்பதைப் பேச்சில் யார் பிரித்துச் சொல்கிறார்கள்? 'யூஸ்டு' என்றுதான் காதில் விழுகிறது. காதை நம்பி எழுதுகிறவன் இறந்தகால விகுதியை விட்டுவிடுகிறான். கண்ணால் நிறையப் படித்தவனுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. அதாவது பிழை என்பது பெரும்பாலும் ஒருவன் எவ்வளவு படிக்க நேர்ந்தது என்பதன் சரித்திரம். புத்தியின் அளவுகோல் அல்ல.

நம் பாஷையில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சுவரொட்டியிலிருந்து ஆராய்ச்சிப் பட்ட ஏடுகள் வரை 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' என்று எழுதப்படுவதைக் கண்டு நாம் பல்லைக் கடிக்கிறோம். ற் என்ற மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது என்பது விதி. ஆனால் எழுதியவன் எங்கிருந்து அந்தச் 'ச்'சைப் பிடித்தான்? வளர்ச்சி, மகிழ்ச்சி, புணர்ச்சி, வீழ்ச்சி. இவற்றில் அது இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. அவன் ஒப்புமையால் ஒரு விதியை அனுமானித்து, அதை ஒரு இடம் தள்ளிப் பிரயோகித்துவிட்டான். 'அதற்க்கு' என்பதும் இப்படி வந்ததுதான். இலக்கணம் தெரியாதவன் செய்கிற பிழை இல்லை இது. இலக்கணத்தைத் தானாகக் கட்டிக்கொண்டிருக்கிறவன் செய்கிற பிழை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு அமெரிக்க ஆசிரியை தேவைப்பட்டார் என்பதில் எனக்கு வெட்கம்தான்.

பிழைகளின் தர்க்கத்தோடு அவர் இன்னொன்றையும் பார்க்கிறார். அது பயம். இந்தத் தாள்களில் மூன்று நான்கு முறை ஆரம்பித்து அடிக்கப்பட்ட முதல் வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொரு சொல்லும் ஒரு கண்ணி, எதில் கால் வைத்தாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற பிரக்ஞை எழுதுகிறவனுக்குள் புகுந்துவிட்டால், சொல்ல வந்த விஷயம் பின்வாங்கிவிடுகிறது; தெரிந்த பத்துச் சொற்களுக்குள் ஒண்டிக்கொள்கிறது. முற்றுப்புள்ளி வைக்கக்கூட அவன் அஞ்சுகிறான். முற்றுப்புள்ளி வைத்தால் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க வேண்டுமே! அதனால் கமாவாகப் போட்டு இழுத்துக்கொண்டே போகிறான். இந்த இடங்களைப் படித்தபோது எனக்கு என் முதல் வருஷக் கல்லூரி ஞாபகம் வந்தது. பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களை மாலையில் தனியாக உட்காரவைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு. 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று பெயர். பாலம். என் கட்டுரையிலிருந்து மூன்று வாக்கியங்களை ஆசிரியர் எழுந்து நின்று வாசித்தார். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களும் என்னைப் போலப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்பவர்கள்தான். அதன்பின் அந்த வருஷம் முழுக்க நான் எழுதியவை எல்லாம் நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்தவை. பிழையே இல்லை. நல்ல மதிப்பெண். நான் எழுதியது என்று சொல்ல அதில் ஒரு வரி கிடையாது.

ஷாக்னெஸி 1976இல் எழுதிய ஒரு கட்டுரையில் மாணவனின் வளர்ச்சியைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்களே, ஆசிரியனின் வளர்ச்சியைப் பற்றிப் பேசினால் என்ன என்று கேட்டு நான்கு கட்டங்களைச் சொல்கிறார். முதலில் கோபுர வாசலைக் காவல் காப்பது. அடுத்தது, வந்த சுதேசிகளை மதம் மாற்றுவது. மூன்றாவது ஆழம் பார்ப்பது. கடைசியாகத் தானே குதிப்பது. (தண்ணீருக்குள் முங்கும் இதே படிமம் ஏட்ரியன் ரிச்சின் 1973ஆம் வருஷத் தொகுப்பின் தலைப்பிலும் இருக்கிறது.) நான்காம் கட்டத்தில் ஆசிரியன் மாணவனிடம் மாணவனாக உட்கார வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவர்கள் முதல் இரண்டு கட்டங்களிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள்.

இதை ஆசிரியத் தொழிலுக்கு மட்டும் சொன்னதாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நம் சிறுபத்திரிகை உலகம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் சித்திரத்தில் பாதி, வாசல் காப்பவனின் சித்திரம். வெகுஜனப் பத்திரிகைகளின் குப்பைக்கு எதிராக ஒரு வாசலைக் கட்டியதும் காத்ததும் அவசியமான காரியம். அதை மறுக்கிறவன் சரித்திரம் அறியாதவன். ஆனால் வாசலில் வெகு நாள் நின்றவனுக்கு ஒரு வியாதி வருகிறது. வருகிறவனின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலைப் பார்க்கிறான், சேறு ஒட்டியிருக்கிறதா என்று.

ஷாக்னெஸியின் புத்தகத்தில் கோளாறு இல்லை என்று சொல்லவரவில்லை. ஆழமான ஒரு கோளாறு இருக்கிறது. அதைச் சரியாகக் கையில் பிடித்தவர் மின்-ஜான் லூ. ஷாங்காயில் வளர்ந்தவர். வீட்டில் ஆங்கிலம், பள்ளியில் மாவோ காலத்துச் சீனம் என்று இரண்டு பாஷைகளுக்கிடையில், இரண்டு அரசியலுக்கிடையில் எழுதப் பழகியவர். 1991இல் எழுதிய கட்டுரையில் அவர் வைக்கும் குற்றச்சாட்டைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: மாணவன் சொல்ல வந்த அர்த்தம் முன்கூட்டியே முழுசாக இருக்கிறது, பிழையை நீக்கினால் அது அப்படியே வெளியே வந்துவிடும் என்று ஷாக்னெஸி நம்புகிறார். பாஷையை ஒரு கண்ணாடி ஜன்னலாக, துடைத்தால் போதும் என்று. ஆனால் கல்லூரியின் பாஷையை எடுத்துக்கொள்கிறவன் அதன் பார்வையையும் எடுத்துக்கொள்ள நேர்கிறது. வீட்டில், தெருவில் அவன் அறிந்த உலகம் அதோடு மோதுகிறது. அந்த மோதலைப் பிழைதிருத்தத்துக்குள் மூடிவிட முடியாது.

வேறு வார்த்தையில் சொன்னால் இது நம்முடைய பழைய உருவம்–உள்ளடக்கம் தகராறுதான். 'எழுத்து' காலத்திலிருந்து நாம் எத்தனை பக்கங்களை அதில் செலவழித்திருக்கிறோம்! உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்பது அபத்தம் என்று கவிதைக்குத் தீர்மானம் போட்டுவிட்டோம். ஆனால் ஒரு பையனின் விடைத்தாள் என்று வந்தால் உடனே பிரித்துவிடுகிறோம்: 'விஷயம் இருக்கிறது, பாஷை போதவில்லை.' லூவின் பக்கம் நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டே ஒன்று சொல்ல வேண்டும். மோதலைப் பற்றி எழுதுவது நாலாயிரம் தாளை உட்கார்ந்து படித்ததற்கு ஈடாகாது. கோட்பாட்டு முழுமை பின்னால் வந்தவர்களுக்குச் சுலபம். முதலில் குதித்தவருக்கு நீரின் ஆழம் தெரியாது.

இந்த இடத்தில் டேவிட் பார்த்தலொமே என்பவரின் 1985ஆம் வருஷக் கட்டுரை பற்றி ஒரு வார்த்தை. பிட்ஸ்பர்க்கில் இதே மாதிரி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். மாணவன் ஒவ்வொரு முறை எழுத உட்காரும்போதும் பல்கலைக்கழகத்தையே புதிதாகக் கற்பனை செய்தாக வேண்டியிருக்கிறது என்பது அவர் வாதம். தனக்குத் தெரியாத ஒரு சபையில், அந்தச் சபைக்காரன் போல, பேசிக் காட்ட வேண்டும். படைப்பாற்றல் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு மாணவன், பூமியின் உருவத்தைக் களிமண்ணில் செய்த கதையைச் சொல்லிவிட்டு, நடுவே பேராசிரியர் குரலை இரவல் வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். நாம் இதைப் போலி என்போம். பார்த்தலொமே இதை நுழைவு முயற்சி என்கிறார். எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நமக்கு வரும் கவிதைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு இரவல் குரல்தான். நாம் இருபது வயதில் எழுதியவையும் அதுதான். எல்லாப் போலியும் ஒரே போலி அல்ல. உள்ளே இருந்துகொண்டு தேய்ந்த குரலில் பேசுகிறவனின் போலித்தனமும் வெளியிலிருந்து கதவைத் தட்டுகிறவனின் போலியும் ஒன்றாக முடியாது. முந்தையதற்கு நாம் அரங்கம் போட்டுக் கொடுக்கிறோம்.

ஆங்கிலம் படித்தவர்கள் இடையில் வரும் வழக்கமான ஒப்பாரி ஒன்று உண்டு: முன்பெல்லாம் மாணவர்கள் நன்றாக எழுதினார்கள், இவர்களை உள்ளே விட்டதால்தான் தரம் கெட்டது. ஹார்வர்டில் 1874இலேயே நுழைவுக்கு ஆங்கிலக் கட்டுரைத் தேர்வு வைத்தார்கள். 1892இல் ஒரு குழு அமைத்து, பையன்களின் எழுத்து படுமோசம் என்று அறிக்கை எழுதினார்கள். பணக்கார வெள்ளைப் பையன்கள். அப்போது கதவைத் திறந்துவிட்டதாக யாரும் இல்லை. தரம் எப்போதும் நேற்றுத்தான் கெட்டுப்போயிருக்கிறது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 1975இல் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்கு வந்தது. பல்கலைக்கழகம் கையில் காசில்லாமல் 1976 கோடையின் தொடக்கத்தில் இரண்டு வாரம் பூட்டிக்கிடந்தது. அந்த இலையுதிர் காலத்தில், 129 வருஷமாக இல்லாத கட்டணம் விதிக்கப்பட்டது. புதிய ஆசிரியர்கள் பலர் வேலை இழந்தார்கள். ஷாக்னெஸியின் புத்தகம் அதற்கு அடுத்த வருஷம் வருகிறது. கதவைச் சாத்தத் தொடங்கிய பிறகு, உள்ளே வந்தவர்களை எப்படி வாசிப்பது என்று சொல்ல ஒரு புத்தகம். 1990களின் இறுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து இந்த ஆயத்த வகுப்புகளையே நீக்க முடிவெடுத்தார்கள். 2017இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது; அங்கே சமுதாயக் கல்லூரிகளில் மாணவர்களை ஆயத்த வகுப்பில் தேக்கிவைக்காமல் நேரே கல்லூரிப் பாடத்தில் சேர்த்து, கூடவே உதவி செய்ய வேண்டும் என்று. இதற்கு நியாயம் உண்டு. மதிப்பெண் கணக்கில் சேராத வகுப்புகளில் காசையும் வருஷத்தையும் கரைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். 'ரெமிடியல்' என்பது வைத்தியசாலைச் சொல். நோயாளி என்று சீட்டு எழுதி உட்காரவைத்தால் நோயாளியாகவே ஆகிவிடுவான். ஆனால் வகுப்பை ஒழித்தவர்கள் அந்த வாசிப்பையும் சேர்த்து ஒழித்துவிட்டார்களா என்பதுதான் என் கவலை. ஒரு தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, இவன் இங்கே ஏன் தடுக்கி விழுந்தான் என்று அரைமணி நேரம் யோசிக்கிற மனுஷனுக்குச் சம்பளப் பட்டியலில் இடம் வேண்டும்.

இனி என் விஷயம். சென்ற வருஷம் நமக்குக் கவிதைகள் அனுப்பிய ஒருவர், கூடவே ஒரு கடிதம் வைத்திருந்தார். கடிதத்தில் 'முயற்ச்சி' மூன்று இடத்தில். நான் அதை நண்பர்கள் கூடியிருந்தபோது வாசித்தேன். சிரித்தோம். கவிதைகளைப் படிக்கவில்லை. பாலத்து வகுப்பில் எழுந்து நின்று வாசித்த அந்த ஆசிரியரின் முகபாவம் எனக்கு எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று பிறகுதான் யோசித்தேன், அதுவும் இந்தப் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இருந்தபோது. கட்டைத் தேடி எடுத்தேன். ஆறு கவிதைகள். நான்கு சுமார், இரவல் குரல். இரண்டில் ஏதோ இருந்தது. உட்கார்ந்து வரிவரியாகக் குறிப்பெழுதி அனுப்பினேன். 'பொழுது மசங்கி' என்று ஒரு வரி இருந்தது. எழுத்துப்பிழை என்று கருதி 'மயங்கி' என்று திருத்தியிருந்தேன்.

அவர் பதில் போட்டார். சந்தி விஷயத்தில் நான் சொன்னவற்றை ஏற்றுக்கொண்டார். வரி உடைப்பு பற்றி நான் சொன்னதில் இரண்டை மறுத்தார். அதில் அவர் தப்பு என்றே இன்னும் நினைக்கிறேன். 'மசங்கி' பற்றி இப்படி எழுதியிருந்தார்: பொழுது மயங்குவது வேறு, மசங்குவது வேறு; எங்கள் பக்கம் வெளிச்சம் மங்கி ஆள் தெரியாமல் போகிற நேரத்துக்கு மசங்கல் என்று பெயர்; வேலை முடிந்து வருகிறவர்களுக்கு எதிரே வருவது யார் என்று அப்போது தெரியாது; அதைத்தான் எழுதினேன்; மயங்கி என்று போட்டால் என் அம்மா அந்த வரியில் இருக்க மாட்டாள்.

அகராதியைப் பார்த்தேன். சொல் இருக்கிறது. அந்த இரண்டு கவிதைகளையும் ஆசிரியர் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன், 'மசங்கி' என்றே. ஒன்றைப் போடலாம் என்று ஒருவரும், இரண்டுமே வேண்டாம் என்று இருவரும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காரணங்களை எழுதிக் கேட்டிருக்கிறேன். வந்ததும் அவருக்கு அனுப்ப வேண்டும்.